முப்பத்தொன்றைத் தாண்டாத கடல்

எங்கள் துறைமுக அலுவலகத்துக்குக் காலையில் வருகிற யாருக்கும் முதலில் மூக்குதான் வேலை செய்யும். கடல் வாசனை என்று யாராவது ரசித்துச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசனையாவது மண்ணாவது! சூடேறிய தண்ணீரில் செத்து மிதக்கிற பொடி மீன், பச்சைச் சளி மாதிரி படர்ந்த பாசி, படகு கக்கிய டீசல், கரையொதுங்கி வெயிலில் கரைகிற ஜெல்லிமீன் எல்லாம் சேர்ந்து குடலைப் புரட்டும். நான் சேர்ந்த காலத்தில் இப்படி இல்லை. நாலைந்து வருஷமாகத்தான், புயல் மாதம் தொடங்கப்போகிறது என்றாலே கடல் இப்படி அழுகிப்போகிறது. இதற்கு அலுவலகம் எடுத்த நடவடிக்கை ஒன்றே ஒன்றுதான். கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி ஏ.சி. மாட்டினார்கள்.

அந்த நாற்றத்துக்குள் தினம் இரண்டு தடவை இறங்கி நடந்தவர் ஒருவர்தான். எங்கள் அலுவலகத் துப்புரவு ஊழியர். வாளியம்மா என்று கூப்பிடுவோம். கூட்டுவது, துடைப்பது, கழிப்பறை கழுவுவது என்பதுதான் அவருடைய வேலைப் பட்டியல். வாளி அதில் கிடையாது. கடல் சூட்டை அளக்கிற வேலை பட்டியலில் என் பெயருக்கு நேரே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கடலுக்குள் நீளும் படகுப் பாலத்தின் நுனிக்கு முன்னூற்றிருபது அடி நடக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். வலி இருந்தது, பொய்யில்லை. ஆனால் சாயங்காலம் கடைத்தெரு சுற்றும்போது அது இருக்காது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், "கொஞ்சம் போய் மொண்டுட்டு வந்துடறீங்களாம்மா" என்று வாளியை அவர் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் வாங்கிக்கொள்ளவே இல்லை.

ஆனால் அவர் செய்த நேர்த்தி நான் செய்ததில்லை. ரப்பர் வாளியைக் கயிற்றில் இறக்கி, முதல் வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுவார். வெயிலில் கிடந்த வாளியின் சூடு கணக்கில் சேரக்கூடாதாம். இரண்டாவது வாளியை மேலே இழுத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் நிழல் வாளிமேல் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு தெர்மாமீட்டரை விடுவார். பிறகு நூற்றெண்பது வரை எண்ணுவார். அந்த மூன்று நிமிஷத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. ஒரு தடவை படகுச் சங்கத்துத் தலைவரே போய், கழிப்பறைச் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "நூத்தி இருபத்தேழு, நூத்தி இருபத்தெட்டு" என்று பதில் வந்ததாம். மனுஷன் அவசரம் தாங்காமல் மதில் பக்கம் ஓடினார்.

அளந்ததை என் மேஜையிலிருக்கும் பதிவேட்டில் பென்சிலால் எழுதி வைப்பார். அதன்மேல் நான் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பேனா எண்ணை அவர் வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். காற்று, அலை, கடல் சூடு என்று மூன்று வரி. அவருடைய எழுத்து குண்டு குண்டாக, அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். கடலுக்குப் போகிறவர்களும், கடலோர ஊர்களில் சொந்தம் உள்ளவர்களும் அந்தப் பலகையைப் படம் எடுத்துப் போனில் அனுப்பிக்கொள்வார்கள்.

கோளாறு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ஒரு நாள் அவர் முப்பத்தொன்று புள்ளி ஆறு என்று எழுதினார். நானும் யோசிக்காமல் அதையே பேனாவால் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்து ஒன்பது கேள்வியோடு ஒரு கடிதம் வந்தது. முப்பத்தொன்றைத் தாண்டினால் விளக்கம் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்ததே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அளந்தது யார், பயிற்சி உண்டா, கருவி சரிதானா, சரி என்றால் சான்றிதழ் எங்கே? எங்கள் அதிகாரிக்குக் கை கால் ஓடவில்லை. விளக்கம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். அதனால்தான் நாங்கள் அவருக்கு விளக்கெண்ணெய் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் முதல் காரியமாகத் தெர்மாமீட்டரை மாற்றினார். புதிது முப்பத்தொன்று புள்ளி எட்டு காட்டியது. அதையும் மாற்றினார். மூன்றாவதும் அதையேதான் சொன்னது.

"ஏன் சார், பிள்ளைக்குக் காய்ச்சல்னா தெர்மாமீட்டரை மாத்துவாங்களா?" என்று வாளியம்மா என்னிடம் கேட்டார்.

அதிகாரி வேறு முடிவுக்கு வந்திருந்தார். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "இங்க பாருங்க. கடல்ல கோளாறு இருந்தா அது கடலோட பாடு. ரிஜிஸ்டர்ல கோளாறு இருக்கக் கூடாது. முப்பத்தொண்ணைத் தாண்ட வேண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து தாண்டவில்லை. வாளியம்மா பென்சிலால் முப்பத்திரண்டு எழுதுவார். நான் ரப்பரால் அழித்து முப்பது புள்ளி ஏழு, முப்பது புள்ளி ஐந்து என்று மனதுக்குத் தோன்றியதை எழுதுவேன். தினமும் ஒரே எண் போட்டால் சந்தேகம் வருமே, அதற்காக நாலு நாள் ஏற்றி நாலு நாள் இறக்குவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்கு அரசாங்க முத்திரையும் வைத்தவன் நான். அழித்த ரப்பர்த் துகள் மேஜையிலும் தரையிலும் சிதறிக் கிடக்கும். மறுநாள் காலையில் அதைக் கூட்டி அள்ளுவதும் அந்த அம்மாதான். ஒரு நாளாவது முறைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உறைத்திருக்கும். "காலைத் தூக்கிக்கோங்க சார்" என்பார், அவ்வளவுதான்.

வானிலைக்காரர்கள் எங்கள் வாளியை நம்பிப் புயலைக் கணிப்பதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வானத்திலிருந்து அளக்க அவர்களுக்கு ஆயிரம் கருவி இருக்கிறது. அதனால் என் எண்ணால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று மூன்று வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

வாளியம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தார். நாலு வயசுதான் மூத்தவர். சின்ன வயசிலேயே தாயில்லாமல் போனதால் தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். வாளியம்மாவுக்குக் கல்யாணமாகி, அது சரிப்படாமல் திரும்பி வந்தபோது ஊரே ஆளுக்கொரு நியாயம் பேசியதாம். அக்கா மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல், "முதல்ல சாப்பிடு" என்றாராம். இதை என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார். அக்கா இருந்தது பஸ்ஸில் நாலு மணி நேரத் தொலைவில், ஆறு கடலில் விழுகிற இடத்தில், வாசற்படியில் உட்கார்ந்தால் தண்ணீர் தெரிகிற பள்ளமான தெருவில். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அக்காவும் அவர் கணவரும்தான். கணவர் பத்திரம் எழுதுகிறவர். யார் எதைச் சொன்னாலும், "எழுத்துல இருக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

புயல் மாதம் தொடங்கினால் வாளியம்மா தினமும் அக்காவைக் கூப்பிடுவார். ஒரு கையில் துடைப்பம் இருக்கும் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அலுவலகம் முழுக்கக் கேட்கும். "தண்ணி கொதிக்குதுக்கா. அடுப்பு இப்படி எரிஞ்சா மேல இருக்கிறது பொங்கத்தான் செய்யும். இந்த வருஷம் வர்றது சும்மா போகாது. ரேடியோவுல புயல் பேர் சொன்னதும் கிளம்பி என்கிட்ட வந்துடு."

"உங்க மாமா வந்தா நான் வரமாட்டேனா?" என்பார் அக்கா.

இந்த வருஷம் ரேடியோ பெயரைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. சாதாரணப் புயல்தான், வடக்கே ஆள் இல்லாத கரையில் கடக்கும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை, திசை கொஞ்சம் திரும்புகிறது, பலமும் கூடுகிறது, ஆற்றங்கரைக்காரர்கள் தயாராக இருங்கள் என்றார்கள். அன்று வாளியம்மாவின் பென்சில் முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது. என் பேனா முப்பது புள்ளி எட்டு.

அன்று மத்தியானம் என் மேஜைக்கடியில் பெருக்கிக்கொண்டே போனில் பேசினார். இந்தத் தடவை எதிர்முனையில் அக்காவின் கணவர்.

"மாமா, உங்க கால்ல விழறேன். அக்காவைக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே கிளம்பிடுங்க. முப்பத்திமூணு டிகிரி கிட்ட வந்துடுச்சு."

"யாரு சொன்னது?"

"நான்தான் மாமா அளந்தேன்."

"உங்க ஆபீஸ் போர்டை இப்பதான் போன்ல பார்த்தேன். முப்பது புள்ளி எட்டுன்னு இருக்கு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் விலாசம் எழுதினவ நீதானே?"

"அப்படி எழுதச் சொன்னாங்க மாமா."

"அப்போ பொய் எழுதினியா?"

வாளியம்மா துடைப்பத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பொய் எழுதுறவ வாயால சொல்றதை மட்டும் நான் எப்படிம்மா நம்புறது? போன வருஷம் ரெண்டு தடவை வா வான்னு இழுத்துக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல அடைச்சாங்க. முன்னூறு பேருக்கு ஒரு கக்கூஸ். புழு நெளியுது. புயலும் வரல, ஒண்ணும் வரல. அதுக்கு என் வீட்டுல உக்காந்து நனையுறதே மேல்."

போனை வைத்த பிறகு அவர் என் மேஜையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார். நான் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். அதில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் அளந்தது முப்பத்திமூன்று புள்ளி இரண்டு. பதிவேட்டில் எழுதாமல் நேரே என்னிடம் வந்தார். "சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் போர்டுல நிஜத்தை எழுதிக்கட்டுமா? எழுத்துல பார்த்தா மாமா கிளம்பிடுவாரு. அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பெரிய சாரைக் கேட்டுடலாம்" என்றேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தே முப்பது வருஷம் ஓட்டியவன் வேறு என்ன சொல்வேன்?

விளக்கெண்ணெய் பொறுமையாகக் கேட்டார். உண்மையிலேயே யோசித்தார். அதுதான் கொடுமை. "இல்லம்மா, நான் முடியாதுன்னு சொல்லல. நேத்து முப்பது புள்ளி எட்டு போட்டுட்டு இன்னிக்கு முப்பத்திமூணு போட்டா, நடுவுல இருக்கிற ரெண்டரை டிகிரி எங்க போச்சுன்னு கேப்பாங்களா இல்லையா? இன்னிக்கு முப்பது புள்ளி ஒன்பது போடுங்க. நாளைக்கு முப்பத்தொண்ணு. படிப்படியா ஏத்திடலாம்."

"புயல் நாளைக்கு விடியறப்போ வருதுங்க சார்."

"அது அவங்க டிபார்ட்மென்ட்."

வாளியம்மா வெளியே போனார். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் கடைசி வரியை முந்தானையால் துடைத்துவிட்டு, எப்போதையும்விடப் பெரிதாக, முப்பத்திமூன்று புள்ளி இரண்டு என்று எழுதினார். நாலு அடி பின்னால் வந்து இடுப்பிலிருந்து போனை எடுத்தார். பழைய போன். அதில் கேமரா திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அதிகாரியும் ஜன்னலுக்கு வந்துவிட்டார். "என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? யாராவது படம் எடுத்து அனுப்பறதுக்குள்ள துடைச்சிட்டு வாங்க" என்றார்.

ஈரத் துணியோடு போனேன். முழங்கால் வலிக்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார். இதோ, திறந்துடும்" என்றார் வாளியம்மா. போனைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு நிமிஷம்தான் கேட்டார். துணியைக் கீழே போட்டு எடுத்திருக்கலாம், செருப்பு வார் அறுந்ததாக நடித்திருக்கலாம், மாடியிலிருந்து இறங்கவே இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கலாம். அதிகாரி என்னைத் தூக்கிலா போட்டிருப்பார்? அவர் மேலே நின்று பார்க்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகத் துடைத்தேன். துடைத்த ஈரத்திலேயே முப்பது புள்ளி ஒன்பது என்று என் கோழிக் கிறுக்கலில் எழுதினேன். போனில் கேமரா அப்போதுதான் திறந்தது. வாளியம்மா அதைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார். கழிப்பறைச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் பத்தரை மணி பஸ்ஸுக்கு நடந்தார்.

அதற்கப்புறம் நடந்ததை என்னிடம் அவர் சொல்லவில்லை. காவலாளியிடம் சொல்லி, காவலாளி எனக்குச் சொன்னது இது. மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அக்கா துணிமணியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். கணவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஊரார் பத்திரமெல்லாம் என் பொறுப்பில் இருக்கிறது, முப்பது புள்ளி ஒன்பதுக்கெல்லாம் ஓட முடியாது என்று, போனில் வந்த எங்கள் பலகையை எடுத்துக் காட்டினாராம். அன்றைக்குப் பலகையில் இருந்தது வேறு கையெழுத்து என்பதைக்கூட அவர் கவனித்துவிட்டார். "இது ஆபீசர் எழுத்து" என்றாராம். என்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

அழுது, சண்டை போட்டு, அக்காவை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ராத்திரி பத்து மணி வாக்கில் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மனுஷன் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை, ஒரு வாய் கொடுத்துக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், பத்து நிமிஷம் என்று எழுந்தாராம். "கையைப் பிடிச்சுத்தான் வெச்சிருந்தேன். விடுடின்னா. அவ சொல்லி நான் எதைத்தான் கேக்காம இருந்தேன்? விட்டுட்டேன்" என்று காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். விடிகாலை வருவதாகச் சொன்ன புயல், சூட்டைக் குடித்துக் கொழுத்து, ஏழு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. கடல் ஆற்றுக்குள் ஏறியது. அந்தத் தெருவில் பதினேழு வீடு போயிற்று. அக்காவும் கணவரும் இரண்டு நாள் கழித்து, இரண்டு வெவ்வேறு இடத்தில் கிடைத்தார்கள்.

வியாழக்கிழமை காலை எங்கள் பக்கம் தூறல்கூட இல்லை. விளக்கெண்ணெய் மூன்று வருஷத்தில் முதல் முறையாகக் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். "தப்பிச்சோம்யா. நம்ம ஏரியாவை விட்டுட்டு அங்க போயிடுச்சு" என்று எல்லோருக்கும் டீ வாங்கித் தரச் சொன்னார். நான் இரண்டு டீ குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் எதுவுமே தெரியாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தெரியாமலா? அவர் எந்த ஊர் பஸ்ஸில் ஏறினார் என்று எனக்குத் தெரியும். புயல் எந்த ஊரில் ஏறியது என்று டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வாளியம்மா வேலைக்குத் திரும்பினார். சேலை துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது. முகம் மட்டும் யாரோ வேறொருவருடையது மாதிரி இருந்தது. அறை அறையாகக் கூட்டினார், கழிப்பறை கழுவினார். எதற்கும் குறை வைக்கவில்லை. என் மேஜைப் பக்கம் வந்தபோது எழுந்து நின்றேன். அக்காவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"காலைத் தூக்கிக்கோங்க" என்றார். சார் என்று சேர்க்கவில்லை.

கூட்டி முடித்துத் துடைப்பத்தை மூலையில் சாத்தினார். மணி ஏழு. வழக்கமாக வாளியை எடுக்கிற நேரம். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு எவ்வளவு போடணும்?"

"அளக்கலையாம்மா?"

"எதுக்கு?"

நானே போயிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த வாளியை எடுத்துக்கொண்டு, என் பெயரில் இருக்கிற வேலைக்கு நானே நடந்திருக்க வேண்டும். முன்னூற்றிருபது அடி. உட்கார்ந்த இடத்திலேயே, "முப்பது புள்ளி ரெண்டு" என்றேன். சொன்ன வாயை அன்றைக்கு முழுக்கக் கொப்பளித்தாலும் அந்த நாற்றம் போகாது.

வெளியே போய்ப் பலகையில் எழுதினார். அதே குண்டு எழுத்து, கோணலில்லாமல். புயல் புரட்டிப் போட்ட கடல், அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து, சில நாள் ஆறிக் கிடக்கும் என்று சொல்வார்கள். அன்றைக்குக் கடல் உண்மையிலேயே முப்பதாக இருந்திருக்கலாம். யாரும் போய்ப் பார்க்கவில்லை.